கடைமடைக் கணினியில் ஓடுகிறதா?

ஆற்றில் தண்ணீர் திறந்த மறுநாளே தலைமடைக்காரர் "வந்துடுச்சு" என்பார். கடைமடைக்காரரைக் கேட்டால்தான் நிலவரம் தெரியும். எல்லா இயங்குதளங்களிலும் ஓடும் ஜியுஐ லைப்ரரி (திரையில் ஜன்னல், பட்டன் காட்டும் பொது நிரல்தொகுப்பு) எழுதுகிறவர்களில் பலர் தலைமடையிலேயே நின்று "ஓடுது" என்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு எடைமேடை மென்பொருள் செய்யப்போய், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவாக ஒரு சின்ன லைப்ரரியை நானே எழுதினேன்.

அதில் செய்த பெரிய தவறு, எழுத்தையும் நானே வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தது. பட்டன், பெட்டி எல்லாம் நாலு கோடும் ஒரு நிறமும்தான். எழுத்தும் அப்படித்தானே, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்து வரிசையாக அடுக்கினால் போதும் என்று விட்டேன். ஆங்கிலத்தில் அழகாக வந்தது. ஆலைக் கணக்குப்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கொம்பு பின்னாடி வந்து நிக்குது?" என்றார். 'கொள்முதல்' என்பதில் க-வுக்கு முன்னால் வரவேண்டிய ஒற்றைக்கொம்பு, க-வைத் தாண்டிக் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 5 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 9 குறியீடுகள். அந்த எண்களைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 27 பைட்டுகள். நீளம் என்று எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் எழுதினால் கர்சர் எழுத்துக்கு நடுவில் போய் நிற்கும். 20 பைட்டோடு பெயரை வெட்டினால் கடைசி எழுத்து உடைந்துபோகும். கொம்பை இடம் மாற்றிப் பொருத்தும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி செய்யும். அதே வேலைக்கு விண்டோஸில் டைரக்ட்ரைட், மேக்கில் கோர் டெக்ஸ்ட் இருக்கின்றன. அவற்றிடம் விட்டுவிடுங்கள். உள்ளீட்டிலும் கவனம் வேண்டும். விசை அழுத்தம் வேறு, உள்ளே வரும் எழுத்து வேறு. எந்த விசை என்று பார்த்தே எழுத்தை முடிவு செய்தால் தமிழ்99 விசைப்பலகைக்காரர் ஒரு வரிகூட அடிக்க முடியாது.

அடுத்தது பிக்சல் கணக்கு. விண்டோஸில் 100 சதவீதம் என்றால் அங்குலத்துக்கு 96 புள்ளி. 150 சதவீதம் என்றால் 144. என் லேப்டாப்பில் கச்சிதமாக இருந்த படிவம், ஆலையின் 1366×768 திரையில் 'சேமி' பட்டனை டாஸ்க்பாருக்கு அடியில் தள்ளிவிட்டது. பட்டன் அகலத்தையும் எண்ணாக எழுதி வைக்காதீர்கள். 'ஓகே' அடங்கிய இடத்தில் 'சரிபார்க்கவும்' அடங்காது. எழுத்தை அளந்து, அதற்கேற்ப இடம் ஒதுக்குங்கள்.

இயங்குதளத்தின் பட்டனையே வாங்கிக் காட்டுவதா, நாமே வரைவதா? 1992இல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற லைப்ரரி முதல் வழியில் போனது. ஜாவா மொழியின் ஏடபிள்யூடி லைப்ரரியும் அந்த வழியில் போய், எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவானதை மட்டுமே தரமுடிந்தது. ஜாவாவிலேயே பின்னால் வந்த ஸ்விங் தானே வரைந்துகொண்டது. இரண்டும் சரிதான், பாதிப் பாதியாகக் கலப்பதுதான் தலைவலி. ஒன்று மட்டும்: நாமே வரைந்த பட்டன், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு வெறும் புள்ளிகள். அது பட்டன், இன்ன பெயர் என்று தனியாகச் சொல்லும் வேலையும் நம் தலையில்தான்.

அப்புறம் திரெட், அதாவது ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலைச்சரடு. எடைமேடை எடையை அனுப்பும் சீரியல் போர்ட்டை, திரையை வரையும் முதன்மைத் திரெட்டிலேயே படித்தேன்; லாரி ஏறி எடை நிலைக்கும்வரை ஜன்னல் உறைந்து கிடந்தது. சரி என்று தனித் திரெட்டில் படித்து, அங்கிருந்தே திரையை மாற்றினேன். சில நாள் ஓடியது, சில நாள் விழுந்தது. மேக்கில் இப்படித் தனித் திரெட்டிலிருந்து திரையை மாற்றவே கூடாது. படிப்பது தனித் திரெட், வரைவது முதன்மைத் திரெட், நடுவில் எடைகளைக் கைமாற்ற ஒரு வரிசை: இப்படித்தான் கடைசியில் அடங்கியது.

இப்போது என் மேசைக்கு அடியில் கும்பகோணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டி ஒன்று இருக்கிறது. 4 ஜிபி ராம், ஆலையில் இருப்பது போலவே 1366×768 திரை. புது பதிப்பு எதுவானாலும் முதலில் அதில்தான் ஏற்றுகிறேன்.