ஆம்ப்ளிஃபையர் சிமுலேஷனில் ஏசி வளைவு போதுமா, போல்-சீரோவும் பார்க்க வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவர்களும் பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பிகளும் அடிக்கடி கேட்பது இதுதான்: கணினி சிமுலேஷனின் ஏசி அனாலிசிஸில் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப கெயின் எப்படி மாறுகிறது என்று காட்டுவது) வளைவு அழகாக வருகிறது, ஆனால் ஹார்ன் ஸ்பீக்கருக்கு நீளமாக வயர் இழுத்ததும் பாட்டுப் போடாமலேயே அவுட்புட் டிரான்சிஸ்டர் கொதிக்கிறதே, ஏன்? பெரும்பாலும், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே ஆஸிலேட் ஆகிறது, அதாவது இன்புட் இல்லாமலே அலையை உண்டாக்குகிறது. இதைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் போல்-சீரோ அனாலிசிஸ்: போல் என்பது சர்க்யூட்டில் எழும் அலை அடங்குமா வளருமா, எந்த அதிர்வெண்ணில் என்று சொல்லும் எண்.

ஏசி, போல்-சீரோ இரண்டு அனாலிசிஸுமே பயாஸ் புள்ளியை (சிக்னல் இல்லாதபோது சர்க்யூட் நிற்கும் டிசி நிலை) சுற்றித்தான் கணக்குப் போடுகின்றன, அதனால் முதலில் டிசி வோல்டேஜ்கள் சரியா என்று பாருங்கள். ஏசியில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் கெயினும் (எத்தனை மடங்கு பெருகுகிறது) ஃபேஸும் (அலை எத்தனை டிகிரி நகர்கிறது) கிடைக்கும். சர்க்யூட் நிலையாக நிற்குமா என்று அது கேட்பதே இல்லை.

போல்-சீரோவுக்கு என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளை எடுங்கள், இன்னொரு மென்பொருளான எல்டிஸ்பைஸில் அந்தக் கட்டளை கிடையாது. இன்புட்டுக்கு இரண்டு நோடு (இணைப்புப் புள்ளி), அவுட்புட்டுக்கு இரண்டு நோடு கொடுக்க வேண்டும். பழகுவதற்கு சீரியஸில் 10 கிலோஓம் ரெசிஸ்டர், அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டும் போட்டு ஓட்டுங்கள்: போல் -1,00,000 என்று வரும். அது ரேடியன் கணக்கு, 6.283ஆல் வகுத்தால் 15.9 கிலோஹெர்ட்ஸ், ஏசி வளைவு 3 டெசிபல் இறங்கும் இடமும் அதேதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஃபீட்பேக் உள்ள (அவுட்புட்டின் ஒரு பங்கு இன்புட்டுக்குத் திரும்பும்) ஆம்பின் அவுட்புட்டில் வயருக்குப் பதிலாக ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு ஓட்டும்போது -2 லட்சம், ± j12 லட்சம் என்று ஒரு போல் ஜோடி வருகிறது என்று வையுங்கள். ஏசியில் 190 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 10 டெசிபல் மேடு தெரியும். அதே ஜோடியில் -2 லட்சம் +2 லட்சமாக மாறினால் ஆம்ப் ஆஸிலேட்டர் ஆகிவிடும், ஆனால் கெயின் வளைவோ ஒரு புள்ளிகூட மாறாது! ஃபேஸ் மட்டும் அந்த ஜோடிக்கு 180 டிகிரி இறங்குவதற்குப் பதில் ஏறும், அதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. அதனால் ரியல் பகுதியின் (j இல்லாத எண்ணின்) குறியை முதலில் பாருங்கள், மைனஸ் என்றால் அலை அடங்கும், பிளஸ் என்றால் வளரும், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனால் பெரிய சர்க்யூட்டில் போல்-சீரோ சில சமயம் விடைக்கு வராமல் நின்றுவிடும். அப்போது இன்புட்டில் சின்ன ஸ்டெப் ஒன்றைக் கொடுத்து டிரான்சியன்ட் அனாலிசிஸ் (நேரம் போகப் போக அவுட்புட் எப்படி மாறுகிறது என்று காட்டுவது) ஓட்டுங்கள்: அலை அடங்கினால் சரி, வளர்ந்துகொண்டே போனால் காம்பன்சேஷன் கெப்பாசிட்டரை (ஆம்பை நிலையாக வைக்க உள்ளே போடுவது) கூட்டிப் பாருங்கள், அல்லது அவுட்புட்டில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றை வயருக்கு முன்னால் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.