அசையும் இணையப் பக்கம் கற்பிக்கும் புத்தகத்தை எடைபோடுவது எப்படி?

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நூலக இறாக்கையில் இப்படியொரு புத்தகம் கண்ணில் பட்டால், அட்டைப் படத்தை விட்டுவிட்டு பதிப்பாண்டைப் பாருங்கள். பிறகு, பின்பக்கச் சொல்லடைவில் பிளாஷ் (பக்கத்தில் அசைபடம் காட்டப் பயன்பட்ட பழைய மென்பொருள்) எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தேடுங்கள். அதை உலாவியில் ஓட்டிய பிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசெம்பர் 31 உடன் நிறுத்திவிட்டது. அந்தப் பயிற்சிகள் இன்றைய உலாவிகளில் நேரே ஓடா. நிரல்களில் ‘டாக்குமென்ட் லேயர்ஸ்’ என்று கண்டால் அது நெட்ஸ்கேப் 4 என்ற பழைய உலாவியின் காலத்துச் சரக்கு; மூடிவையுங்கள்.

அசைவு பற்றிய அத்தியாயம்தான் உரைகல். ஒரு பெட்டியை நகர்த்த ‘லெப்ட்’, ‘டொப்’ (இடப்புறம், மேற்புறத் தூரம்) அளவுகளை, குறித்த இடைவெளியில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ‘செட் இன்டர்வல்’ கட்டளை கொண்டு மாற்றச் சொன்னால், ஒவ்வொரு நகர்வுக்கும் உலாவி பக்க அமைப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டிவரும். செக்கனுக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் காட்சி) ஓட, ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். விலை குறைந்த கைபேசிக்கு அது போதாமல் பெட்டி திக்கித் திக்கி நகரும். நல்ல புத்தகம் பக்க அமைப்பைத் திரும்பக் கணக்கிட வைக்காத ‘டிரான்ஸ்போர்ம்’ (இடம், அளவு மாற்றுவது), ‘ஒபாசிட்டி’ (ஒளிபுகாமையை மாற்றுவது) இரண்டையும் முன்னிறுத்தும். அடுத்த பிரேமை வரையுமுன் நிரலை ஓட்டச் சொல்லும் ‘ரிக்வெஸ்ட் அனிமேஷன் பிரேம்’ எதற்கு என்று காரணமும் சொல்லும். காரணம் சொல்லாத புத்தகத்தால் உங்கள் பிழையை நீங்களே திருத்த முடியாது.

வாங்குமுன் ஒரு பயிற்சியையாவது தட்டச்சுசெய்து, டேட்டாவை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெளித் தளத்திலிருந்து கோப்பு இழுக்கும் பயிற்சி அங்கேயே படுத்துவிடும். சிக்னல் விட்டுவிட்டு வரும் காட்டோர ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய இடைஞ்சல். மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் திறக்கும் மெனுவைக் கற்பிக்கிறதா என்றும் பாருங்கள்; தொடுதிரையில் அதை நம்ப முடியாது.