வேறொரு கணினியில் எழுதிய பேக்கப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கேபிளைச் சரியாகச் செருகுங்கள், எஜெக்ட் கொடுத்துவிட்டு வட்டை எடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். ஒரு வகைக் கணினியில் எழுதியதை இன்னொரு வகையில் படிக்கப் போகும்போது வருகிற வம்புகள் மட்டும் இங்கே.

டேப் படிக்கவில்லை என்றதும் எழுதிப் பார்ப்பது

எனக்கு இன்றும் கோபம் வருகிற தவறு இது. ஓர் அலுவலகத்தில் பழைய யூனிக்ஸ் சர்வரில் எழுதிய பேக்கப் டேப்பை (காந்த நாடா) லினக்ஸ் கணினியில் போட்டார்கள், கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டவும் பிரிக்கவும் பயன்படும் டார் (tar) கட்டளை பிழை காட்டி நின்றுவிட்டது. கெட்டது டேப்பா, டிரைவா என்று தெரிந்துகொள்ள, புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு சின்னக் கோப்பை அதே டேப்பில் எழுதி, திரும்பப் படித்தும் பார்த்துவிட்டு, "டிரைவ் நல்லாத்தான் இருக்கு" என்று நிம்மதியாகச் சொன்னார். அதற்குள் டேப்பில் இருந்த பேக்கப் முழுவதும் கைவிட்டுப் போயிருந்தது.

டேப் ஹார்ட் டிஸ்க் மாதிரி இல்லை. நீங்கள் எழுதி முடிக்கிற இடத்தில் 'தரவு இத்தோடு முடிந்தது' என்று டிரைவ் ஒரு குறி வைக்கும், அந்தக் குறியைத் தாண்டிச் சாதாரண டிரைவ் எதுவும் படிக்காது. தொடக்கத்தில் சில கிலோபைட் எழுதினாலே போதும், பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான ஜிகாபைட் நாடாவில் அப்படியே இருந்தும் எட்டாது.

இத்தனைக்கும் அந்த டேப்பில் ஒரு கோளாறும் இல்லை, பிளாக் அளவுதான் பொருந்தவில்லை. டேப்பில் தரவு துண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டு எவ்வளவு பெரியது என்பதை எழுதுகிற மென்பொருள் முடிவு செய்கிறது. டார் வழக்கமாக எடுப்பது 20 × 512, அதாவது 10,240 பைட். பேக்கப் மென்பொருள்கள் 64 அல்லது 256 கிலோபைட்டுக்குப் போகும். படிக்கிற டிரைவ் 512 பைட் நிலையான அளவில் இருந்தால் பிழைதான் வரும். மாறும் அளவில் இருந்தாலும், எழுதியதைவிடச் சிறிய துண்டாகக் கேட்டால் லினக்ஸ் 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்று சொல்லும், அதைப் பார்த்து ராம் போதவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

டேப்பைச் செருகும் முன்னாலேயே அதன் எழுதும் பூட்டைத் தள்ளிவிடுங்கள். அப்புறம் டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி (mt) கட்டளையால் பிளாக் அளவைச் சுழியமாக வையுங்கள், மாறும் அளவு என்று அர்த்தம். தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி (dd) கட்டளையில் 1 மெகாபைட் அளவு கொடுத்து ஒரே ஒரு துண்டைக் கோப்பாக எடுங்கள். அந்தக் கோப்பு எத்தனை பைட்டோ, அதுதான் டேப்பின் பிளாக் அளவு. அதை 512ஆல் வகுத்து வரும் எண்ணை டாருக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது.

தானாக ரீவைண்ட் ஆகும் சாதனப் பெயர்

லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு: எஸ்டி0 (st0) வேலை முடிந்ததும் டேப்பை முதலுக்குச் சுற்றிவிடும், என்எஸ்டி0 (nst0) சுற்றாது. எஸ்டி0வில் இரண்டு பேக்கப்பை அடுத்தடுத்து எழுதினால் முதலாவது காலி.

டிரைவின் தலைமுறை

பேக்கப்புக்கு இன்று அதிகம் பயன்படும் டேப் வகை எல்டிஓ (LTO), பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. எல்டிஓ-7 டிரைவ் இரண்டு தலைமுறை பின்னோக்கிப் படிக்கும். எல்டிஓ-8 ஒன்றுதான். புது டிரைவ் வந்ததும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேறு கணினியில் எழுதிய வட்டைச் செருகியதும் 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால்

வேண்டாம்.

லினக்ஸ் கோப்புகளை அப்படியே எக்ஸ்ஃபேட் வட்டில் கொட்டுவது

எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற வட்டு வடிவம் அநேகமாக எல்லாக் கணினியிலும் திறக்கும், சரி. ஆனால் கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், சிம்பாலிக் லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) எதுவும் அதில் நிற்காது. டார் கோப்பாகக் கட்டிப் போடுங்கள். வட்டு பழைய ஃபேட்32 (FAT32) வடிவம் என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது, அதனால் டாரைத் துண்டு போட வேண்டியிருக்கும்.

தமிழில் நீளமான கோப்புப் பெயர்

விண்டோஸின் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ் (NTFS) கோப்புப் பெயரில் 255 யூனிகோட் குறியீடுகள் வரை ஏற்கும். லினக்ஸின் வட்டு வடிவமான எக்ஸ்ட்4 (ext4) எண்ணுவது 255 பைட், எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். உயிர்மெய்யில் துணைக்கால், கொம்பு எல்லாம் தனிக் குறியீடாகவே எண்ணப்படும். விண்டோஸில் ஒழுங்காக இருந்த பெயர் லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனால்தான், நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு நடுவில் அந்த ஒற்றைப் பிழை வரியைக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கோப்பு பேக்கப்பிலேயே இருக்காது.