கூரைப் பாலத்தில் கை வைப்பதற்கு முன்

போன மாதம் எங்கள் ஊர்ப் பூங்காவில் இளைஞர்கள் சிலர் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணி செய்தார்கள். குப்பை பொறுக்கி முடித்ததும் சாய டின்களைத் தூக்கிக்கொண்டு நேராக மரப்பாலத்துக்குப் போனார்கள். ஓடைக்குக் குறுக்கே கூரை போட்ட சின்ன நடைபாலம். பூங்கா வருவதற்கு முன் அந்த இடம் ரப்பர் தோட்டம். லயத்து வீடுகளிலிருந்து பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போகிறவர்கள் இதன் வழியாகத்தான் போவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது இருபது வருடத்துக்கு முந்தைய என்னைப் பார்ப்பது போலிருந்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தச்சு வேலை என் பிழைப்பு. பெயர் செதுக்காதே, கண்ட இடத்தில் ஆணி அடிக்காதே என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லது என்று நினைத்து நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தேய்ந்ததைப் புதிதாக்குவது

பாலத்தின் இரு பக்கமும் பலகைத் திண்ணை உண்டு. மழை பிடித்தால் பால் வெட்டு கிடையாது. வாளியை இறக்கி வைத்துவிட்டு வானம் தெளியும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பார்களாம். லயத்தில் பிறந்த ஒரு பாட்டி சொன்னது இது. கைபட்டுக் கைபட்டுக் கறுத்த கைப்பிடியும் நடுவில் பள்ளம் விழுந்த தளமும்தான் அந்த மழை நாள்களுக்குச் சாட்சி. மணல்தாள் போட்டுத் தேய்த்தால் அரை நாளில் எல்லாம் போய்விடும். வியட்நாமின் ஹோய் ஆன் நகரில் உள்ள ஜப்பானியக் கூரைப் பாலத்தைப் பழுதுபார்த்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நிறம் புதுசாகத் தெரிகிறது என்று பலரும் முகம் சுளித்தார்கள். பெரிய நிபுணர்கள் செய்த வேலைக்கே அந்தப் பேச்சு.

இறவாணத்தை வெட்டுவது

இதை நான்தான் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

பாலத்தின் தகரம் துருப்பிடித்து ஒழுகியதால் கூரை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. கைக்காசு குறைவு. எட்டடித் தகரம் மலிவாகக் கிடைத்தது. இறவாணத்தில், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரை ஓரத்தில், ஒன்றரை அடியைக் குறைத்தால் பக்கத்துக்கு ஒரே தகரம் போதும், ஒட்டும் வேண்டாம். கைமர நுனிகளை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினேன். பார்க்கவும் கச்சிதமாக இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

அறுக்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ரம்பம் இறங்கவே மாட்டேன் என்றது. கைமரங்கள் அத்தனையும் செங்கால் என்ற உறுதியான காட்டு மரம். கீழே பாரம் தாங்கும் உத்தரங்களோ கெம்பாஸ் மரம். பாரம் தாங்குவதற்கு விலை குறைந்த மரத்தையும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கு விலை கூடிய மரத்தையும் ஒருவன் ஏன் போட்டான்? கெம்பாஸ் பாரத்தைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. நனையப்போகிற இடத்தில் செங்காலை வைத்து, அதன் நிழலில் கெம்பாஸை ஒளித்து வைத்திருக்கிறான். கூரைப் பாலத்தில் கூரை இருப்பது நடக்கிறவன் நனையாமல் இருக்க மட்டுமல்ல, பாலம் நனையாமல் இருக்கவும்தான். அந்தக் கணக்கை நான் ரம்பத்தால் அழித்தேன்.

பேராக்கில் சாயங்கால மழை நேராகவா பெய்கிறது? காற்றோடு சாய்ந்து அடித்தது. கரைச்சுவரில் உட்கார்ந்திருக்கும் உத்தரத் தலைகளில் தண்ணீர் இறங்கியது. மரத்தின் குறுக்கே அறுத்த முகம் தண்ணீரை உறிஞ்சுகிற அளவுக்கு அதன் பக்கங்கள் உறிஞ்சாது. சுவருக்கும் மரத்துக்கும் நடுவே காற்று புகாததால் உள்ளே போன ஈரம் காயவே இல்லை. நாலாவது வருடம் உளியால் குத்திப் பார்த்தால் நனைந்த ரொட்டி மாதிரி உள்ளே போனது. மூன்று உத்தரங்களை மாற்ற வேண்டியதாயிற்று.

பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். அந்த உத்தரத் தலைகளில்தான் பாலத்தைக் கட்டியவர்கள் எந்த மரம் எங்கே பொருந்தும் என்று உளியால் பொளிந்த அடையாளங்கள் இருந்தன. சீன எண்கள் போலத் தெரிந்தன. கட்டிய கை எது என்பதற்கு நமக்கிருந்த ஒரே தடயம். நான் படம்கூட எடுத்து வைக்கவில்லை. அறுத்துப் போட்ட செங்கால் நுனிகள் மட்டும் இன்றும் என் வீட்டுக் கோழிக்கூண்டைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கறையான்கூடத் தொடவில்லை.

'நூறாண்டுப் பாலம்' என்று பலகை வைப்பது

கட்டிய வருடத்தைக் காட்டும் பத்திரம் கையில் இருந்தால் வையுங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

2005ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். சரி, இருக்கிறது. ஆனால் பழையது என்பதாலேயே ஒரு பாலம் அதற்குள் வந்துவிடாது; பாரம்பரிய ஆணையர் அதைப் பாரம்பரிய இடமாக அறிவிக்க வேண்டும். அப்படி அறிவிக்க எதையாவது கையில் கொடுக்க வேண்டாமா? அளவு, படம், அங்கே நடந்தவர்களின் வாய்மொழி எல்லாம் வேண்டும். நம் பேராக்கின் காராயில் 1900இல் திறந்த விக்டோரியா ரயில் பாலத்துக்குப் போய்ப் படம் எடுக்காத ஆளே இங்கே இல்லை. நம் ஓடைப் பாலத்துக்கு ஒரு நல்ல படம் தேடினேன், ஒரு கல்யாண ஆல்பத்தில் பாதிதான் கிடைத்தது.

சிமெண்டு

பழைய சுண்ணாம்புச் சுவரில் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே நிற்கும்.

நெருப்பு

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் மரப்பாலம் 1993 ஆகஸ்டில் ஒரே இரவில் பெரும்பகுதி எரிந்துபோனது. அணைக்காத சிகரெட்தான் காரணம் என்று கருதுகிறார்கள். தீபாவளிக்கு நம் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்துவது பாலத்துத் திண்ணையில்.

வெயிலில் மட்டும் பார்ப்பது

அந்த இளைஞர்களிடம் டின்னை மூடச் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார்கள். "மழை எப்போ வரும்னு யாருக்குத் தெரியும் அங்கிள்?" என்றான் ஒருவன். வானம் கறுத்ததும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக உள்ளே வருகிறது என்று சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். அப்புறம்தான் சாயம்.