டிஎச்சிபி: ரவுட்டரில் ஐபி முகவரி வழங்கலை அமைப்பது எப்படி?

வைஃபை கடவுச்சொல்லைப் போட்டதும் போனில் இணையம் வந்துவிடுகிறது. ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியின் எண்), சப்நெட் மாஸ்க் (எந்த எண்கள் அதே நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று சொல்வது), கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசலின் முகவரி, வீட்டில் ரவுட்டர்), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) ஆகிய நான்கையும் யாராவது நிரப்பிக் கொடுத்தால்தான் அது நடக்கும். வீட்டில் அந்த வேலையைச் செய்வது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி சர்வர், அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் நிரல். முகவரியை அது குத்தகைக்குத்தான் விடுகிறது. குத்தகைக் கணக்கு புரிந்தால் பல கோளாறுகளுக்குக் காரணம் தானே தெரியும்.

படி 1: இப்போது என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் கட்டளையை ஆங்கில எழுத்தில் (ipconfig /all) கொடுங்கள். உங்கள் முகவரி, அதைக் கொடுத்த டிஎச்சிபி சர்வரின் முகவரி, குத்தகை தொடங்கிய நேரம், முடியும் நேரம் எல்லாம் தெரியும். கேட்வே முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே அதை 192.168.1.1 என்று வைத்துக்கொள்கிறோம்.

படி 2: நான்கு செய்திகள்

புதிதாக வரும் கணினிக்குத் தன் முகவரியும் தெரியாது, சர்வரின் முகவரியும் தெரியாது. அதனால் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255க்கு, அதாவது எல்லோருக்கும் கேட்கும்படி, "சர்வர் யாராவது உண்டா?" என்று கூவுகிறது. இது டிஸ்கவர். சர்வர் ஒரு முகவரியை எடுத்துக்காட்டுவது ஆஃபர். "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று கணினி சொல்வது ரெக்வெஸ்ட். சர்வர் உறுதி செய்வது அக்னாலெட்ஜ். யூடிபி என்ற செய்தி அனுப்பும் முறையில், சர்வர் 67ஆம் போர்ட்டிலும் (போர்ட் என்பது செய்தி எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்) கணினி 68ஆம் போர்ட்டிலும் பேசும். ரெக்வெஸ்ட்டும் எல்லோருக்கும் கேட்கும்படியே போகிறது. வேறொரு சர்வரும் ஆஃபர் கொடுத்திருந்தால், தன்னுடையது ஏற்கப்படவில்லை என்று அது தெரிந்துகொள்ள வேண்டுமே.

குத்தகை 24 மணி நேரம் என்றால், 12ஆவது மணியில் கணினி அதே சர்வரிடம் நேரடியாகப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 21ஆவது மணியிலிருந்து எல்லா சர்வர்களிடமும் கேட்கும். 24 மணி முடிந்தும் பதில் இல்லையென்றால் முகவரியை விட்டுவிட வேண்டும். டிஎச்சிபி செயலிழந்த உடனே எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படாமல், ஒவ்வொன்றாக விழுவது இதனால்தான்.

படி 3: பூலை அமையுங்கள்

சர்வர் எடுத்துக் கொடுக்கும் முகவரிகளின் தொகுப்புதான் பூல். பிரவுசரில் 192.168.1.1 திறந்து, லேன் (வீட்டு நெட்வொர்க்) பகுதியில் டிஎச்சிபி அமைப்புக்குப் போங்கள். தொடக்கம் 192.168.1.100, முடிவு 192.168.1.199, குத்தகை 24 மணி என்று கொடுங்கள். 100 முகவரிகள் கிடைக்கும், வீட்டுக்குத் தாராளம். 2 முதல் 99 வரை கையால் முகவரி போடும் கருவிகளுக்கு. பூலுக்குள் இருக்கும் எண்ணைக் கையால் போட்டுவிடாதீர்கள். சர்வர் அதையே இன்னொரு கருவிக்கும் கொடுத்தால் இரண்டும் விட்டுவிட்டு வேலை செய்யும். காரணம் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

படி 4: பிரிண்டருக்கு நிலையான முகவரி

பிரிண்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் பாகத்துக்கும் உள்ள அடையாள எண்), ரவுட்டரின் முகவரி முன்பதிவுப் பட்டியலில் 192.168.1.50 உடன் சேர்த்து, பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். பூலுக்கு வெளியே உள்ள எண்ணைச் சில ரவுட்டர்கள் ஏற்காது. அப்போது 199ஐக் கொடுக்கலாம். போனுக்கு முன்பதிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டலாம். அந்த வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

கோளாறுகள்

169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால், டிஸ்கவருக்குப் பதிலே வரவில்லை. கணினி தனக்குத் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது. கேபிளையும், ரவுட்டரில் டிஎச்சிபி இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். பிறகு ஐபிகான்ஃபிக் /ரிலீஸ் (ipconfig /release), அடுத்து ஐபிகான்ஃபிக் /ரினியூ (ipconfig /renew) கொடுங்கள்.

விருந்தினர் நிறையப் பேர் வந்துபோகும் இடத்தில், கிளம்பிப் போனவர்களின் முகவரிகளும் குத்தகை முடியும்வரை பூலுக்குத் திரும்பாமல் கிடக்கும். புதிதாக வருபவருக்கு முகவரி கிடைக்காது. குத்தகையை 2 மணி நேரமாகக் குறையுங்கள்.

அதிகம் பாடுபடுத்துவது இரண்டாவது ரவுட்டர். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்து, லேன் துளையில் கேபிளைச் செருகிவிடுவார்கள். இப்போது டிஎச்சிபி சர்வர்கள் இரண்டு. பெரும்பாலும் முந்திப் பதில் சொல்வதே வெல்லும். சில கருவிகளுக்கு 192.168.1 வரிசை, சிலவற்றுக்கு 192.168.0 வரிசை. பழைய ரவுட்டர் தன்னையே கேட்வே என்று சொல்லியிருக்கும். அதற்கோ வெளியே போக வழியில்லை. வைஃபை முழுதாகக் காட்டும், இணையம் வராது.

சரிசெய்ய, பழைய ரவுட்டரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, மடிக்கணினியோடு மட்டும் கேபிளில் இணையுங்கள். முதலில் அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். கேபிளைக் கழற்றிச் செருகி, புதிய முகவரியில் உள்ளே நுழைந்து, கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள். முதலிலேயே அணைத்துவிட்டால் மடிக்கணினிக்குப் புதிய வரிசையில் முகவரி கொடுக்க ஆளிருக்காது; கையால்தான் போட வேண்டிவரும். பிறகு லேன் துளையிலிருந்து லேன் துளைக்குக் கேபிளை இணைத்து, மாடியில் ஐபிகான்ஃபிக் /ஆல் பாருங்கள். டிஎச்சிபி சர்வர் 192.168.1.1 என்று காட்ட வேண்டும்.