பிட்லாக்கர் ரெகவரி கீ கையில் இல்லையா? ஃபார்மேட் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்

லேப்டாப்பை ஆன் செய்தால் விண்டோஸ் வராமல், நீலத் திரை வந்து பிட்லாக்கர் ரெகவரி கீயைக் கேட்கிறதா? பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் உள்ளவற்றைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. ரெகவரி கீ அதைத் திறக்கும் மாற்றுச் சாவி. உங்கள் பின் நம்பரும் பாஸ்வேர்டும் அங்கே செல்லாது. அது கேட்பது 48 இலக்க எண். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள்.

"நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்று பலரும் கேட்பார்கள். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே போனதுமே பல மாடல்களில் என்க்ரிப்ஷன், அதாவது இந்தப் பூட்டு, தானாக ஆன் ஆகிவிடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. ஆனால் அப்படித் தானாக ஆனபோது, கீயும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். எனவே ஃபார்மேட் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம்.

படி 1. திரையை போனில் படம் எடுங்கள். அதில் 'ரெகவரி கீ ஐடி' என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி இருக்கும். அது கீ அல்ல, எந்தக் கீ என்பதற்கான அடையாளம். முதல் எட்டு எழுத்துகள் போதும்.

படி 2. கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப், கம்ப்யூட்டர் பழையபடியே இருக்கிறதா என்று பார்த்துத்தான் டிஸ்க்கைத் திறக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு வசதியை ஆஃப் செய்திருந்தால் மறுபடி ஆன் செய்யுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டியிருந்தால் பழையதிலேயே மாட்டுங்கள். பென் டிரைவ், டாக் (மானிட்டர், கீபோர்டு போன்றவற்றை இணைக்கும் பெட்டி) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல நேரம் கீயே தேவைப்படாமல் திறந்துகொள்ளும். மதர்போர்டையே மாற்றியிருந்தால் இந்த வழி உதவாது.

படி 3. போன் பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெகவரி கீ பட்டியலைத் திறங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், படத்தில் உள்ள ஐடியோடு ஒத்துப்போவதை எடுங்கள்.

அங்கே இல்லையென்றால் கைவிடாதீர்கள். பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். லேப்டாப்பை முதலில் செட் செய்தது யார்? மகளா, அண்ணன் பையனா, கடைக்காரரா? அவர்கள் தங்கள் கணக்கைக் கொடுத்திருந்தால் கீ அங்கேதான் இருக்கும். உங்களுடைய பழைய அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளையும் பாருங்கள். ஆபீஸ், கல்லூரிக் கணக்கு என்றால் அங்குள்ள ஐடி துறையால் எடுத்துத் தர முடியும். பிரிண்ட் எடுத்த தாள், பென் டிரைவில் உள்ள டெக்ஸ்ட் ஃபைல் இவற்றையும் தேடுங்கள்.

படி 4. தாளில் எழுதி வைத்த கீயில் ஓர் இலக்கம் அழிந்திருந்தாலும் மீட்டுவிடலாம். ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்படிதான் உருவாக்கப்படுகிறது. உதாரணமாக 41?286 என்று இருக்கிறது. நடு இலக்கம் தெரியவில்லை. 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போட்டு கால்குலேட்டரில் 11-ஆல் வகுத்துப் பாருங்கள். 8 போட்டால் மட்டும் 418286 ÷ 11 = 38026 என்று முழு எண்ணாக வரும். வேறு எதற்கும் வராது.

படி 5. எங்குமே இல்லையா? மைக்ரோசாஃப்ட்டாலும் அதை மறுபடி உருவாக்கித் தர முடியாது. கீ இல்லாமலே டேட்டா எடுத்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். ரீசெட் செய்தால் லேப்டாப் ஓடும், ஃபைல்கள் போய்விடும். அந்த ஃபைல்கள் முக்கியம் என்றால் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு டிஸ்க் போடுங்கள். கீ பின்னால் எப்போது கிடைத்தாலும் அதைத் திறக்கலாம்.

படி 6. திறந்துவிட்டதா? அன்றைக்கே ஸ்டார்ட்டில் 'மேனேஜ் பிட்லாக்கர்' என்று ஆங்கிலத்தில் தேடித் திறந்து, 'பேக் அப் யுவர் ரெகவரி கீ'-யை அழுத்துங்கள். பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், லேப்டாப் பையில் வேண்டாம். இனி பயாஸ் அப்டேட் போடும் முன், அதே பக்கத்தில் 'சஸ்பெண்ட் புரொடெக்ஷன்' இருந்தால் அதை அழுத்திவிட்டுத் தொடங்குங்கள்.