வீட்டுச் சோலார் இன்வெர்ட்டர்: தேர்ந்தெடுப்பதும் சோதித்துப் பெறுவதும்

மாடியில் சோலார் அமைக்க முடிவு செய்தவர்கள் பேனலைப் பற்றி நாள்கணக்கில் விசாரிக்கிறார்கள். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுச் சாதனங்களுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரை மட்டும் பொருத்த வருபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அமைப்பில் முதலில் பழுதாவது பெரும்பாலும் இன்வெர்ட்டர்தான் என்பதால், விசாரணையின் பெரும்பகுதி அதற்கே செலவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, மின்தடையின்போதும் வீட்டில் மின்விசிறி சுழல வேண்டுமா என்பதுதான். ஆன்கிரிட் இன்வெர்ட்டர் மின்வாரியக் கம்பியில் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே இயங்கும்; உச்சி வெயிலே அடித்தாலும், கரன்ட் போன உடனே அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான கட்டாய ஏற்பாடு அது. மின்தடை குறைவான நகரப் பகுதியில், மின்கட்டணத்தைக் குறைப்பதே நோக்கமாக இருந்தால் இந்த வகையே சிக்கனமானது. பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு அமைப்புகளுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும் மின்வாரியத்துடன் இணைந்த அமைப்புகளுக்கே உரியது. அடிக்கடி கரன்ட் போகும் ஊர்களில் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவைப்படும். மின் இணைப்பே இல்லாத தோட்டத்து வீட்டுக்கு, மின்வாரியத்தைச் சாராமல் பேட்டரியில் இயங்கும் ஆஃப்கிரிட் வகை போதும்.

பேட்டரியில் இயங்கும் வகைகளுக்கு அளவைக் கணக்கிடும்போது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை வாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பவர் ஃபேக்டர், அதாவது விஏ-வில் வாட்டாகப் பயன்படும் பங்கு, 0.8 என்றால், 2000 விஏ இன்வெர்ட்டர் தாங்குவது 1600 வாட் மட்டுமே. நான்கு மின்விசிறிக்கு 300, விளக்குகளுக்கு 100, பிரிட்ஜுக்கு 150, டிவிக்கு 100 என்று 650 வாட் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் 750 வாட் மிக்சியையும் போட்டால் 1400 ஆகிறது. கணக்கில் இன்னும் இடம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் வழக்கமான அளவைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கக்கூடும். ஆகவே தொடர்ச்சியாக எத்தனை வாட் என்பதுடன், எத்தனை வாட்டை எத்தனை நொடிக்குத் தாங்கும் என்பதையும் விவரத்தாளில் பார்த்து வாங்க வேண்டும். மேற்சொன்ன வீட்டுக்கு 3000 விஏ பொருத்தமாக இருக்கும். போர் மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்காமல் மின்வாரிய இணைப்பிலேயே விட்டுவிடுவது நல்லது. மின்வாரிய மின்சாரத்தைப்போலச் சீராக ஏறி இறங்கும் முழுமையான சைன் அலை தராத மலிவான இன்வெர்ட்டரில் மின்விசிறி உறுமும், மோட்டார் சூடேறும். அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது, அதிகம் கவனிக்கப்படாததும் அதிக நட்டத்தைத் தருவதுமான விஷயம்: பேனல்களின் வோல்ட்டேஜ் இன்வெர்ட்டரின் எல்லைக்குள் அமைகிறதா என்பது. இப்போது பரவலாகப் பொருத்தப்படும் 540 வாட் பேனல் ஒன்றின் திறந்தசுற்று வோல்ட்டேஜ் (எதனுடனும் இணைக்காதபோது காட்டுவது) ஏறத்தாழ 49.5. சிறிய 48 வோல்ட் ஆஃப்கிரிட் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் சோலார் உள்ளீட்டின் உச்சவரம்பு 145 வோல்ட்தான். மூன்று பேனல்களைத் தொடராக இணைத்தால் 148.5 வோல்ட் வந்து, முதல் நாளே உள்ளீட்டுப் பகுதி எரிந்துபோக வாய்ப்புண்டு. குளிரில் இந்த வோல்ட்டேஜ் மேலும் ஏறும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் அதிகாலைக் குளிரையும் சேர்த்து, ஐந்தாறு சதவீதமாவது கூட்டியே கணக்கிட வேண்டும். மறுபக்கம், மே மாத வெயிலில் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடும்போது, இயங்கும் வோல்ட்டேஜ் 41.5-இலிருந்து 36-க்கு அருகே இறங்கிவிடும். ஒரே பேனலால் 48 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்ய முடியாது. ஆக, இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த ஜோடிகளைப் பக்க இணைப்பில் (பேரலல்) சேர்ப்பதே இங்கே சரியான வழி. ஆன்கிரிட் வகையில் உச்சவரம்பு பெரும்பாலும் 500 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் ஆறு பேனல்களைத் தாராளமாகத் தொடரில் இணைக்கலாம். ஆனால் இந்தப் பெரிய பேனல்கள் 13 ஆம்பியருக்கு மேல் தருவதால், உள்ளீட்டு ஆம்பியர் வரம்பு குறைவாக உள்ள பழைய மாடல்களை வாங்கினால் உற்பத்தியில் ஒரு பகுதி வீணாகும்.

வாங்கும்முன் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணையும், பழுது பார்க்கும் நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பொருத்தும் இடம் நேரடி வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவராக இருக்கட்டும். சுற்றுப்புறச் சூடு 45 டிகிரியைத் தாண்டியதும் பல இன்வெர்ட்டர்கள் தம்மைக் காத்துக்கொள்ள உற்பத்தியைக் குறைத்துவிடும். தகரக் கொட்டகைக்குள் கோடையில் அந்தச் சூடு காலை பத்து மணிக்கே வந்துவிடும்.

பொருத்திய பின் செய்யும் சோதனையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்தே செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். பேனலிலிருந்து வருவது டிசி மின்சாரம் என்பதால், ஓடும் நிலையில் கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி அணையாமல் நீளும்; எப்போதும் பேனல் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை அணைத்த பிறகே எதையும் கழற்ற வேண்டும். மூடியைத் திறக்க நேர்ந்தால், உள்ளே கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்னூட்டம் வடிய, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருப்பது அவசியம்.

முதல் அளவீடு, இன்வெர்ட்டரில் இணைக்கும்முன் பேனல் வரிசையின் வோல்ட்டேஜும் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளும். வெயிலில் சூடேறிய ஆறு பேனல் வரிசையில் 280 வோல்ட் அளவில் வர வேண்டிய இடத்தில் 235 வந்தால், ஒரு பேனல் சுற்றில் இல்லை என்று பொருள். பிறகு, பேட்டரி உள்ள அமைப்பானால், லோடு எதுவும் இல்லாமல் பேட்டரியில் ஓடவிட்டு, வெளியீடு 230 வோல்ட்டுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் அருகே இருக்கிறதா என்று பாருங்கள். அதே நிலையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேக்அப் பக்கத்து (மின்தடையின்போது பேட்டரியில் ஓடும் பக்கத்து) நியூட்ரல் எர்த்துடன் சேராமல் தொங்குகிறது என்று கொள்ளலாம். அந்த நிலையில் மின்கசிவு ஏற்பட்டாலும், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபி சுவிட்ச் துண்டிக்காமல் போகலாம். அதன் சோதனைப் பொத்தான் எர்த்தைச் சாராமல் இயங்குவதால், பொத்தானை அழுத்தும்போது துண்டித்துவிட்டது என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்து லோடைப் படிப்படியாக ஏற்றுங்கள்: விளக்குகள், மின்விசிறிகள், பிரிட்ஜ், கடைசியாக மிக்சி. பிரிட்ஜ் கிளம்பும் நொடியில் விளக்கு சற்றே மங்கினால் பரவாயில்லை. இன்வெர்ட்டர் அலாரம் அடித்தால் அளவு போதவில்லை. முழு லோடில் அரை மணி நேரம் ஓடிய பின் பேட்டரி முனைகளையும் கேபிள் இணைப்புகளையும் சூடுமானியால் பாருங்கள்; ஒரு முனை மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே திருகு தளர்ந்திருக்கிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை அணைத்து, அது நின்று மறுபடி கிளம்பாமல் தொடர்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆன்கிரிட் அமைப்பை மின்வாரியம், நாம் எடுப்பதையும் கொடுப்பதையும் கணக்கிடும் இருவழி மீட்டர் பொருத்தி அனுமதித்த பிறகே இயக்க வேண்டும். அதன்பின் நல்ல வெயிலில் மெயினை அணைத்தால் இரண்டு நொடிக்குள் வெளியீடு நின்றுவிட வேண்டும். மெயினைப் போட்டதும் உடனே இணையாமல், கம்பியின் வோல்ட்டேஜைக் கவனித்து, ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு இணைவதே முறை. இந்த ஒரு சோதனையில் தவறினால் இன்வெர்ட்டரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

பேட்டரி அமைப்பு உள்ளவர்கள், எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் தனக்காக எவ்வளவு இழுக்கிறது என்று கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரால் பேட்டரிக் கம்பியில் அளக்க வேண்டும். அது 30 வாட் என்றால் ஒரு நாளைக்கு 0.72 யூனிட், நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளில் தரும் சுமார் 4 யூனிட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இன்வெர்ட்டரே எடுத்துக்கொள்கிறது. சிறிய அமைப்புக்குப் பெரிய இன்வெர்ட்டரை வாங்கியவர்களின் பேட்டரி விடியுமுன் இறங்கிவிடுவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். எழுதிய அளவுகளில் பொருத்தியவரிடம் தேதியுடன் கையொப்பம் வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.